காலை பத்துக்கும் பகல் மூன்றுக்கும் ஒரே வாசல்

நூவார்க் விமான நிலையத்தில் என் மாவிலையைப் பிடுங்கிக்கொண்டார்கள். இருபத்தோரு இலை. திருச்சியில் பக்கத்து வீட்டு மரத்தில் பறித்து, ஈரத்துணியில் சுற்றி, பெட்டிக்குள் புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தேன். சுங்க அதிகாரி ஒரு பெண். கையுறை போட்ட விரலால் ஒரு இலையைத் தூக்கிப் பிடித்து, "இது சாப்பிடுவதற்கா?" என்று கேட்டாள்.

"வாசலில் கட்டுவதற்கு" என்றேன்.

"எதற்கு?"

"கல்யாணத்துக்கு."

"வாழ்த்துகள்!" என்று வாய் நிறையச் சிரித்துவிட்டு, இருபத்தோரு இலையையும் குப்பைத் தொட்டியில் போட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். என் இடுப்புப் பையில் தாலி இருந்தது. அதற்கும் ஏதாவது சட்டம் வைத்திருந்தார்கள் என்றால் என் கதை கந்தல்.

நான் திருச்சியில் ஒரு சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை சோறு போடுகிறது, கருமாதிப் பத்திரிகை குழம்பு ஊற்றுகிறது. 2002 ஜூன் மாதம், என் தங்கை சரோஜாவின் மகள் கவிதாவுக்கு நியூஜெர்சியில் கல்யாணம். நான் தாய்மாமன். தாலியையும் கூறைப்புடவையையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது என் பொறுப்பு. என் மனைவிக்கு விசா தரவில்லை. எனக்கு மட்டும் எப்படித் தந்தார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

மாப்பிள்ளை ரூபன் யாழ்ப்பாணத்துத் தமிழர், கிறிஸ்தவர். கவிதாவோடு ஒரே ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. சரோஜா இதற்குச் சம்மதிக்க முழுதாக ஒரு வருஷம் ஆயிற்று. கடைசியில், கல்யாணம் சர்ச்சில் நடக்கும், ஆனால் தாலி கட்டவேண்டும் என்று முடிவானது. அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "ஒரு அபசகுனம் நடக்கக்கூடாதுண்ணே. நடந்துச்சுன்னா நான் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று போனில் சொல்லியிருந்தாள்.

அதோடு நிறுத்தவில்லை. "நானே ஒரு அபசகுனம்தான். அதனால கடைசி வரிசையில உக்காந்துக்கறேன்" என்றாள். அவள் கணவர், என் மச்சான், காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "போடி பைத்தியக்காரி" என்று அதட்டினேன். ஆனால் அதற்கு மேல் வாதாடவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் உள்ளூர அதுதான் சரி என்று பட்டது.

எடிசனில் கவிதாவின் ஃப்ளாட் மாடியில். கதவைத் திறந்ததும், எனக்கு முன்பே மகளிடம் வந்துவிட்டிருந்த சரோஜா கேட்ட முதல் கேள்வி, "மாவிலை எங்கண்ணே?"

சொன்னேன். முகம் விழுந்துவிட்டது.

"அம்மா, ப்ளீஸ். கிராஃப்ட் ஸ்டோர்ல க்ரீன் பேப்பர் வாங்கி கட் பண்ணிக்கலாம்" என்றாள் கவிதா.

"பேப்பர்ல மாவிலையா? உங்க மாமா பத்திரிகை அடிக்கிறது பத்தாதுன்னு இலை வேற அடிக்கணுமா?" என்று சரோஜா எரிந்து விழுந்தாள். அன்று இரவு வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும். இருபத்திரண்டு மணி நேரம் விமானச் சாப்பாட்டைத் தின்ற நாக்குக்கு அது தேவாமிர்தம்.

மறுநாள் வியாழன். ஐசலினில் ஒரு பூக்கடையில் மல்லிகை மொட்டு சொல்லி வைத்திருந்தார்கள். இந்தியாவிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்து இறங்குமாம். கவிதா ஆபீசில், சரோஜா அடுப்படியில், அதனால் பெட்டியை வாங்கிவர நான் புறப்பட்டேன். "மாமா, டூ ஸ்டாப்ஸ்தான். ட்ரெயின்ல போயிட்டு அப்படியே வாக் பண்ணிடுங்க" என்று கவிதா ஒரு தாளில் வரைந்து கொடுத்திருந்தாள்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. ஓக் ட்ரீ சாலையில் நடந்தால் நம்மூர் பெரிய கடைவீதியில் நடக்கிற மாதிரியே இருக்கிறது. புடவைக்கடை, நகைக்கடை, வாசலில் பொம்மைக்குக் கட்டிவிட்ட லெஹங்கா. ஒரே வித்தியாசம், யாரும் கையைப் பிடித்து உள்ளே இழுப்பதில்லை. ஒரு கடையில் மசால்தோசை சாப்பிட்டேன். தோசை என் முழங்கை நீளம், சாம்பார் இனிப்பு. சாம்பாரில் சர்க்கரை போடுகிறவனை எந்த நாட்டுச் சட்டமும் கண்டுகொள்வதில்லை.

திரும்பும்போதுதான் வினை. மல்லிகைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முதலில் வந்த வண்டியில் ஏறினேன். அது எடிசனில் நிற்காத வண்டி. எடிசன் நிலையம் ஜன்னலுக்கு வெளியே கடகடவென்று ஓடியது. நான் எழுந்து நின்று, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று தமிழில் கத்தியிருக்கிறேன். டிக்கெட் பார்க்கிறவர் வந்தார். கறுப்பர், பெரிய ஆகிருதி, தொப்பிக்குக் கீழே நரைத்த மீசை. அடுத்த நிலையத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கள் என்று பொறுமையாக இரண்டு தடவை சொன்னார். போகிற போக்கில் பெட்டியை முகர்ந்து பார்த்து, "அடேயப்பா, என்ன வாசனை! கல்யாணமா, சாவா?" என்று கேட்டார்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. நல்ல காரியத்துக்குப் பூ கொண்டு போகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? "கல்யாணம்! கல்யாணம்!" என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன். அவர் புண்பட்டதாகத் தெரியவில்லை. "நல்லது. இரண்டுக்கும் பூ பூதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். வீட்டில் சரோஜாவிடம் இதைச் சொல்லவில்லை. வண்டி மாறிப் போனதை மட்டும் சொன்னேன்.

அன்று மாலை மாப்பிள்ளை வீட்டில் விருந்து. ரூபனின் அப்பா அருள்நேசன், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். வாசலிலேயே என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "வாங்கோ அண்ணை, வாங்கோ. களைச்சுப் போயிருப்பியள்" என்றார். என்னைவிட மூத்தவர் என்னை அண்ணை என்றது ஒரு மாதிரி இருந்தது, ஆனால் பிடித்துவிட்டது. சம்பந்தியம்மா இடியப்பம், மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சம்பல், சொதி என்று மேஜையை நிரப்பிவிட்டார். இடியப்பத்தின் மேல் ஊற்றவேண்டிய அந்தத் தேங்காய்ப்பால் சொதியை நான் ரசம் என்று நினைத்து டம்ளரில் வாங்கிக் குடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தியம்மா இன்னொரு டம்ளர் ஊற்றினார். அதையும் குடித்தேன், வேறு வழி?

சாப்பாடு முடிந்ததும் அருள்நேசன், "இருங்கோ, ஒரு சாமான் காட்டுறன்" என்று வீடியோ கேசட் ஒன்றைப் போட்டார். திரையில் கறுப்பு உடை, குதிரைகள், மெதுவாக நடக்கிற சிப்பாய்கள், நடுவில் கொடி போர்த்திய ஒரு பெட்டி.

"இங்கிலாந்து ராணியம்மாவின்ர தாய். நூற்றியொரு வயசு. ரெண்டு மாதத்துக்கு முந்தி நடந்தது. விடியக்காலமை எழும்பி முழுக்க ரெக்கோர்ட் பண்ணினனான்."

கல்யாண வாரத்தில் சவ ஊர்வலம்! நான் சரோஜாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மனுசி கலியாணம் கட்டினது எங்கை எண்டு தெரியுமோ?" அருள்நேசன் திரையைத் தொட்டுக் காட்டினார். "இதே இடத்திலை. வெஸ்ட்மின்ஸ்டர் அபே. மணப்பொம்பிளையாய் உள்ள போன சேர்ச். எழுபத்தொன்பது வருசம் கழிச்சு அதே சேர்ச்சுக்குப் பெட்டியிலை வாறா. முடி சூட்டுறதும் அங்கைதான், கலியாணமும் அங்கைதான், செத்த வீடும் அங்கைதான்."

"எல்லாருக்குமா?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் எண்டு இல்லை. எண்பத்தொண்டிலை நடந்த பெரிய கலியாணம் வேற சேர்ச்சிலை. இந்த மாசி மாதம் ராணியின்ர தங்கச்சியின்ர செத்த வீடு வின்சரிலை நடந்தது. ஆனா வழமை எண்டால் அபேதான். நான் லண்டனிலை படிக்கேக்கை ராணியின்ர மகளுக்கு அங்கை கலியாணம் நடந்தது. கடுங்குளிர். விடிய முந்திப் போய் ரோட்டோரம் நிண்டனான். கடைசியிலை நான் கண்டது ஒரு குதிரையின்ர பின்பக்கம் மட்டும்தான்."

சிரித்துவிட்டேன். மனுஷர் விடவில்லை. "உள்ளுக்கை நிலத்திலை ஒரு கல்லறை இருக்கு. போரிலை செத்த, பேர் தெரியாத ஒரு சிப்பாய். மற்றக் கல்லறையளை மிதிச்சுக்கொண்டு போவினம், அதை மட்டும் மிதிக்க மாட்டினம். இந்த மனுசியின்ர தமையன் ஒருத்தன் சண்டையிலை செத்தவன். கலியாணத்தண்டைக்குக் கையிலை இருந்த பூச்செண்டை அந்தக் கல்லறையிலை வச்சிட்டு, வெறுங்கையோட போய்க் கலியாணம் கட்டினவ. அதுக்குப் பிறகு அந்தக் குடும்பத்துப் பொம்பிளையள் கலியாணம் முடியப் பூச்செண்டை அங்கை அனுப்புவினம்."

சரோஜா எழுந்து, "அண்ணி, பாத்திரம் கழுவறேன்" என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

எனக்கும் பொறுக்கவில்லை. "நம்ம பக்கம் இதெல்லாம் ஆகாதுங்க சம்பந்தி. என் பிரஸ்ஸையே எடுத்துக்குங்க. கல்யாணப் பத்திரிகைக்கு வர்றவங்க முன்வாசல். கருமாதிக்கு வர்றவங்க பக்கவாட்டுக் கதவு. ரெண்டுக்கும் தனித்தனி அலமாரி, தனித்தனி மேஜை. ஒருத்தர் மேல ஒருத்தர் பட்டுக்கக்கூடாது. முப்பது வருஷமா ஒரு தப்பு நடக்கல" என்றேன்.

"மெசின் எத்தனை?"

"ஒண்ணு."

அருள்நேசன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் பூ கட்டினோம். கவிதாவின் குளியல் தொட்டியில் ஐஸைக் கொட்டி, மேலே ஈரத்துண்டு விரித்து, மொட்டுகளைப் பரப்பியிருந்தாள் சரோஜா. காலையில் குளிக்கப் போன நான் திரும்பி வந்துவிட்டேன். அவள் விரல் ஓடுகிற வேகத்துக்கு என்னால் நூல் வெட்டிக் கொடுக்க முடியவில்லை. நூற்றுக்கணக்கான முழம் கட்டியிருப்பாள். ஒரு மொட்டைக் கூடத் தன் தலைக்குக் கொண்டுபோகவில்லை, அதை நான் கவனிக்காமல் இல்லை.

மாலையில் ரூபன் காரில் பூவோடு புறப்பட்டோம். "ஸாரி மாமா, எக்ஸிட்டை மிஸ் பண்ணிட்டன்" என்றான் பாதி வழியில். இந்த ஊரில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் அதைப் பிடிக்க அரை மணி நேரம் ஆகிறது. நம்மூரில் என்றால் நடுரோட்டில் வண்டியைத் திருப்பி, எதிரே வருகிறவனையும் திட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம்.

சர்ச் சின்னது, பழையது. கல் சுவர், மர பெஞ்சுகள், பின்னால் புல்தரையில் கல்லறைகள். அவற்றைப் பார்க்காமல் சரோஜா விறுவிறுவென்று உள்ளே போனாள். ஒவ்வொரு பெஞ்சின் ஓரத்திலும் மல்லிகைச் சரம், முன்னால் மரத் தடுப்பு நீளத்துக்கும் ரூபன் வாங்கிவந்த செண்டுமல்லி மாலை. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஒரு தெளிவு. "நல்லா இருக்குல்லண்ணே? நம்ம கல்யாணம் மாதிரி இருக்குல்ல?" என்றாள். மூன்று நாளில் அன்றுதான் சிரித்தாள்.

வெளியே படியில் அருள்நேசன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அண்ணை, ஒரு விசயம். கோவிக்கக் கூடாது. நாளைக்குக் காலமை பத்து மணிக்கு இஞ்சை ஒரு செத்த வீடு."

"என்ன சம்பந்தி, விளையாடறீங்களா?"

"பகிடி இல்லை. இந்தச் சேர்ச் ஆள் ஒருத்தர். வயசு போனவர். எனக்கு நேற்றுத்தான் பாதர் சொன்னவர். எங்கட கலியாணம் மூண்டு மணிக்குத்தானே, முட்டாது எண்டு நினைச்சிட்டார்."

"அதுக்காகத்தான் அந்தக் கேசட்டைப் போட்டீங்களா?"

"ஓம். சாடையாய்ச் சொல்லிப் பாத்தனான். உங்கட தங்கச்சி எழும்பிப் போயிட்டா." அவர் முகம் பாவமாக இருந்தது. "கனடாவிலையிருந்து சனம் வந்திட்டுது. கலியாண நாளை மாத்தேலாது. அவவுக்குச் சொல்ல வேண்டாம் அண்ணை. தெரிஞ்சால் வரமாட்டா. தாயில்லாமல் அந்தப் பிள்ளை எப்பிடிக் கலியாணம் கட்டும்?"

சொன்னால் கவிதா அழுதுகொண்டே தாலி வாங்குவாள். சொல்லாமல் விட்டு, பின்னால் தெரிந்தால் சரோஜா என் முகத்தில் விழிக்க மாட்டாள். ஊரில் அத்தனை பேருடைய சாவுக்கும் தைரியமாக எழுத்துக் கோக்கிற நான், அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குப் போய், சாதம் சாப்பிட்டு, படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை கவிதாவை அலங்காரம் செய்ய ஒரு பெண் வந்திருந்தாள். சரோஜா ஒரு தெளிப்பான் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். "டாக்சிக்குச் சொல்லிட்டேண்ணே. பூவுக்குத் தண்ணி தெளிச்சுட்டு வந்துடலாம். மூணு மணிக்குள்ள மல்லி கறுத்துடும்."

"நீ எதுக்கு? நான் போறேன்."

"நீ தெளிச்சா சர்ச் முழுக்க வெள்ளமாயிடும்."

வழியில் காப்பி குடிக்கலாமா என்றேன். இந்த ஊர்க் காப்பி வாளித் தண்ணீர் என்று நான் மூன்று நாளாகத் திட்டியதை அவள் மறக்கவில்லை. "என்னண்ணே திடீர்னு?" என்று ஒரு பார்வை பார்த்தாள்.

சர்ச் வாசலில் நீளமான கறுப்பு வண்டி நின்றது.

"அது என்ன வண்டி?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"நேத்து சாயந்திரம் சம்பந்தி சொன்னாரு."

"தெரிஞ்சுக்கிட்டே சாப்ட்டுட்டுத் தூங்கினியா?"

அவள் டாக்சிக் கதவைத் திறந்து இறங்கினாள். "அது என் பொண்ணு கல்யாணப் பூ. சாவுக்குக் கட்டினது இல்ல. நான் போயி அவுத்துட்டு வர்றேன். வெறும் சர்ச்சுல வேணும்னா உங்க கல்யாணத்தை நடத்திக்குங்க. நான் வரல."

"சரோ, சொல்றதைக் கேளு..."

கேட்கிறவளா அவள்? நான் டிரைவர் கையில் பணத்தைத் திணித்துவிட்டுப் பின்னால் ஓடினேன்.

உள்ளே ஏழு பேர் இருந்தார்கள். எண்ணினேன், ஏழே பேர். முன்னால் ஒரு பெட்டி, அதன் மேல் கையளவு வெள்ளைப் பூங்கொத்து ஒன்று. மற்ற பூவெல்லாம் எங்களுடையது. அவ்வளவு பெரிய வெறுமையில் பெஞ்சுக்குப் பெஞ்சு மல்லிகை மணத்துக்கொண்டிருந்தது. பாதர் மெல்லிய குரலில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். சரோஜா கடைசி பெஞ்சுக்குப் போய் முதல் சரத்தின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டாள்.

ஜெபம் முடிந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மாள் திரும்பினார். கறுப்பு உடை, கையில் ஊன்றுகோல். சரோஜாவைப் பார்த்ததும் எழுந்து, நடுவழியில் மெதுவாக, வழியில் இருந்த பெஞ்சுப் பூக்களைத் தொட்டுக்கொண்டே வந்தார்.

"இந்தப் பூவெல்லாம் நீங்கள் வைத்ததா?" என்று கேட்டார். "நான் ஒரு கொத்துத்தான் சொல்லியிருந்தேன். உள்ளே வந்ததும், வேறு யாருடைய சர்ச்சுக்கோ வந்துவிட்டோம் என்று நினைத்தேன். என் லாரன்ஸ் நாற்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். எத்தனையோ பிள்ளைகள். ஒருவர்கூட வரவில்லையே என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கு அம்மாவா?"

அதை நான் சரோஜாவுக்குத் தமிழில் சொன்னேன்.

சரோஜாவின் விரல்கள் முடிச்சிலேயே இருந்தன. "என்னண்ணே சொல்றது?"

"நெசத்தைச் சொல்லிடட்டுமா?"

அவள் அந்த அம்மாளின் கையைப் பார்த்தாள். அதில் ஒரு துண்டு மல்லிகைச் சரம் இருந்தது. முன்வரிசையில் தொங்கிய நுனி போலும். கட்டைவிரல் அதைத் தடவிக்கொண்டே இருந்தது. சரோஜா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஆமாம். அவருக்கு. பூ" என்றாள். பாதி அவிழ்த்த முடிச்சை மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

அந்த அம்மாள், டோரதி என்று பெயர் சொன்னார், சரோஜாவின் தோளில் சாய்ந்து அழுதார். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"அவரு கருமாதி அன்னிக்கு எனக்குத் தலை நெறையப் பூ வெச்சு, அப்புறம் எடுத்தாங்கண்ணே" என்றாள் சரோஜா, அந்தத் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து. "யாருமே எனக்காக ஒண்ணும் பேசல. இந்தம்மாவுக்கு நான் பூ வெச்சிருக்கேன். அதைப் போயி அவுப்பேனா?"

யாருமே என்றால் அதில் நானும் உண்டு. மச்சானின் கருமாதிப் பத்திரிகையை அச்சடித்தவன் நான். அன்று சரோஜா உள்ளே அழுதபோது, பந்தல்காரனோடு வெளியே பேசிக்கொண்டிருந்தவனும் நான்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அண்ணே, பையில பத்திரிகை ஒண்ணு இருக்கா?"

இருந்தது. நாலு மூலையும் மஞ்சள் தடவியது. இருந்தாலும் கை போகவில்லை. "சரோ, இங்கயா? பெட்டி இன்னும் எடுக்கல..."

"உன் பிரஸ்ல மெஷின் எத்தனை?"

பாத்திரம் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"ஒண்ணு" என்றேன்.

"அப்ப எடு."

இரண்டு கையாலும் கொடுத்தாள். பத்திரிகையில் ஒரு பக்கம் ஆங்கிலம். டோரதி அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். இன்றைய தேதி, இந்த சர்ச், மூன்று மணி. தலையைத் தூக்கிப் பூக்களைப் பார்த்தார். மறுபடி பத்திரிகையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அப்படியென்றால் இவை..."

"அவருக்கும்" என்றாள் சரோஜா, நான் மொழிபெயர்ப்பதற்குக் காத்திராமல்.

பெட்டியைப் பின்பக்கப் புல்தரைக்குக் கொண்டுபோனார்கள். அந்த நேரத்தில் சரோஜா பெஞ்சு பெஞ்சாகத் தண்ணீர் தெளித்தாள். ஒரு சொட்டுக்கூடத் தரையில் விழவில்லை.

மூன்று மணிக்கு அதே சர்ச்சில் உட்கார இடமில்லை. பட்டுப்புடவையும் கோட்டும் நிரம்பி வழிந்தன. அருள்நேசன் எங்கிருந்தோ நாதஸ்வர கேசட் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார். சரோஜா சொன்னபடியே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். பாட்டு தொடங்குகிற சமயத்தில் டோரதி அம்மாள் வந்தார், அதே கறுப்பு உடை, கையில் பத்திரிகை. வாசலுக்குப் பக்கத்தில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத மூலையாகப் பார்த்து நின்றுகொண்டார்.

சரோஜா அவரைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, எழுந்து போய் அவர் கையைப் பிடித்தாள். நடுவழியில், கனடாவிலிருந்து வந்த அத்தனை கண்களுக்கும் முன்னால், அவரைக் கூட்டிக்கொண்டு நேராக முதல் வரிசைக்கு வந்தாள். அவரை உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். மணக்கோலத்தில் நின்ற கவிதா திரும்பிப் பார்த்து, "அம்மா!" என்று வாயசைத்தாள். தாலியை நான் பாதரிடம் கொடுத்தேன். ரூபன் மூன்று முடிச்சையும் சரியாகப் போட்டான். முதல் வரிசையில் சரோஜா அழுவது எனக்கு நன்றாகக் கேட்டது.

முடிந்ததும் சரோஜா மகளின் காதில் ஏதோ சொன்னாள். பிறகு அருள்நேசனிடம் திரும்பினாள். "அண்ணே, பேர் தெரியாத ஆளுக்கே ராணி வீட்டுப் பொண்ணுங்க பூ அனுப்பறாங்கன்னு சொன்னீங்கல்ல? இந்தம்மா வீட்டுக்காரருக்குப் பேரே இருக்கே."

அருள்நேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கவிதா தன் பூச்செண்டை டோரதி அம்மாளிடம் கொடுத்தாள். நாங்கள் நாலைந்து பேர் பின்பக்கம் போனோம். மண் இன்னும் ஈரமாக இருந்தது. அந்த அம்மாள் குனிய முடியாமல் குனிந்து பூச்செண்டை வைத்தார். நிமிர்ந்தபோது எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கவிதா தலையில் பூ, சம்பந்தியம்மா தலையில் பூ, கூட வந்த பெண்கள் எல்லார் தலையிலும் பூ. சரோஜா தலையில் மட்டும் இல்லை. ஏதோ அவசரத்தில் விட்டுப்போயிற்று என்று நினைத்திருக்க வேண்டும். காலையிலிருந்து வைத்திருந்த மல்லிகைத் துண்டைக் கைப்பையிலிருந்து எடுத்தார். தன் வெள்ளை முடியிலிருந்து ஒரு ஊசியை உருவி, சரோஜாவின் கொண்டையில் அதைக் குத்திவிட்டார்.

ஐயோ என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது. சம்பந்தியம்மா புல்லைப் பார்த்தார். சரோஜா அசையாமல் நின்றாள். அவள் கை மெல்ல மேலே போனது. எடுத்துவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

பூ ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதை நேராக்கி, ஊசியை இன்னும் ஆழமாகக் குத்திக்கொண்டாள்.

"வாண்ணே, போலாம். பந்தி ஆரம்பிச்சிருப்பாங்க" என்றாள்.